சாரலில் கிடந்த கரண்டியும் துடுப்பும்

குரு என்றால் தாடி, சீடன் என்றால் அரும்பு மீசை. ஊரில் எல்லாருக்கும் அப்படி ஒரு நினைப்பு. எங்கள் சாரல் மடத்தில் அது தலைகீழ். குரு குழல்வாய்மொழி அம்மைக்கு நாற்பது வயது நிறையவில்லை. சீடர் பிறவிப்பெருமாளுக்கு அறுபது தாண்டிவிட்டது. கடைவாயில் ஒரு பல்கூட மிச்சமில்லை. அவர் அவளை 'அம்மா' என்பார். அவள் அவரை 'அண்ணாச்சி' என்பாள்.

நான் அங்கே தேங்காய் துருவுகிறவன். பெயர் பட்டமுத்து. ஞானம் கீனமெல்லாம் எனக்கு வேண்டாம். மூன்று வேளையும் வாய்க்கு ருசியாகக் கிடைக்கிறது, இருக்கிறேன். அதனால் பார்த்ததைப் பார்த்தபடி சொல்வதில் எனக்கு ஒரு தடையும் இல்லை.

மேக்கரைப் பக்கம், மலையடிவாரத்தில் மடம். ஆனி ஆடியில் சாரல் பிடித்தால் கொடியில் போட்ட துணி காயவே காயாது. அழுகிற ஜனம் அந்தச் சாரலிலும் வரும். பிள்ளை இல்லாதவர்கள், பிள்ளை செத்தவர்கள், பிள்ளை இருந்தும் சோறு கிடைக்காதவர்கள். அம்மை எல்லாரையும் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்கள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொள்வாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவர்கள் அழுது தீர்த்து, மூக்கைச் சிந்தி, "அம்மா கை எவ்வளவு இதமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அம்மை எழுந்து, முந்தியில் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவாள்.

பிறவிப்பெருமாளும் அப்படி வந்தவர்தான். வந்தவர் திரும்பிப் போகவில்லை.

கடையநல்லூரில் டீக்கடை வைத்திருந்தார். ஒரே மகள், பூரணம். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த பெண். காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திரிக்கவில்லை. பெருமாள் தெருவில் புரண்டு அழுதார். அவர் பெண்டாட்டி ஆறுமுகவடிவு அழவில்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை. மூன்றாம் நாள் சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்ததும், அவள் குளித்துவிட்டு நேரே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

"இரும்பும்மா அவ. பொம்பளையா? கையப் புடிச்சா செத்த பாம்பு மாதிரி சில்லுனு இருக்கும். நான் ராவும் பகலும் அவ தோள்ல விழுந்து அழுதேன். பதிலுக்கு ஒரு சொட்டு? ஒரு விம்மல்? 'சாப்பிட வாங்க'ங்கா. எப்பிடிம்மா வரும் அந்த வார்த்தை வாயில?"

இதை அவர் மடத்தில் சொல்லாத ஆள் கிடையாது. எனக்கு எத்தனை முறை சொன்னார் என்று கேட்டால், நான் துருவின தேங்காயைத்தான் எண்ண வேண்டும்.

அம்மையிடம் சொல்லும்போது மட்டும் கடைசியில் ஒரு வரி சேர்ப்பார். "உங்க கையில இருக்க சூடு அவகிட்ட இல்லம்மா." சொல்லும்போதே கண் நிறைந்துவிடும். அம்மை கேட்டுக்கொண்டு இருப்பாள்.

ஆடி வெள்ளிக்கு மடத்தில் கூழ் ஊற்றுவது வழக்கம். வியாழக்கிழமையே காய்ச்சி வைத்துவிடுவோம். அந்த வருஷம் கூழ் துழாவுகிற பொன்னையா காய்ச்சலில் சுருண்டுவிட்டான்.

"நான் பாத்துக்கிடுதேன்" என்றார் பெருமாள். "அடுப்பும் நானும் ஒரே வயித்துல பொறந்தவுக."

அடுப்பைப் பற்றி அவருக்குத் தெரியும்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் டீக்கடையில் வெந்நீரை யாரும் துழாவிக்கொண்டு நிற்பதில்லை. தீயை வைத்தால் தானே புரளும், தானே கொதிக்கும். மனுஷன் அந்தப் பழக்கத்திலேயே கம்பு மாவைக் கரைத்து அண்டாவில் ஊற்றினார், விறகைத் தள்ளினார், துழாவுகிற மரத் துடுப்பைச் சுவரில் சாத்தினார், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வடிவு கதையை ஆரம்பித்தார்.

நடுவில் ஒருமுறை எழுந்துபோய் கூழின் மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

"இன்னும் காயவே இல்ல. வெதுவெதுன்னுதான் இருக்கு."

இன்னும் இரண்டு விறகைத் தள்ளிவிட்டு வந்து, "எங்க விட்டேன்?" என்றார்.

"'சாப்பிட வாங்க'ன்னாங்க" என்றேன்.

கருகின வாடை அம்மைக்குத்தான் முதலில் எட்டியது. உள்ளே இருந்து விறுவிறு என்று வந்து, துடுப்பை எடுத்து அண்டாவின் அடிவரைக்கும் விட்டுக் கிளறினாள். கரிக்கட்டி கட்டியாக மேலே வந்தது. பெருமாள் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மேல காயவே இல்லியேம்மா! இப்பதான் விரல் வச்சுப் பாத்தேன்."

"அண்ணாச்சி, உங்க கடையில வெந்நி எப்பிடிக் காயும்?"

"தீ வச்சா காயும்."

"தீ அடியிலதான இருக்கு. மேல இருக்க தண்ணிக்கு எப்பிடிச் சூடு வருது?"

"அடித்தண்ணி காஞ்சு மேல வந்துரும். மேல உள்ள பச்சத்தண்ணி அடிக்குப் போவும். பெறகு அது காஞ்சு மேல வரும்."

"முறை வச்சுக் காயுது."

"ஆமா. அப்பிடித்தான்."

"கூழு?"

பெருமாள் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"கூழுக்குப் புரளத் தெரியாது அண்ணாச்சி. மேல இருக்கது மேலேயே இருக்கும். அடியில இருக்கது அடியிலேயே கெடந்து கருகும். மேல விரல் வச்சவனுக்கு வெதுவெதுன்னுதான் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னாள். நல்ல பங்கை வேறு அண்டாவுக்கு மாற்றச் சொல்லிவிட்டு, அடிப்பிடித்த அண்டாவைத் தேய்க்கிற வேலையை அவருக்கே கொடுத்துவிட்டுப் போனாள்.

அவர் கிணற்றடியில் அண்டாவுக்குள் தலையை விட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தபோதுதான் மாடக்கண்ணு பைக்கில் வந்து இறங்கினான். ஆறுமுகவடிவின் தம்பி. நனைந்து தொப்பலாக நின்றான். வண்டியை அணைக்கவில்லை.

"அத்தான், அக்காவுக்கு முடியல. வயித்துல கட்டி. ஆஸ்பத்திரியில வீட்டுக்குக் கொண்டு போங்கன்னுட்டாங்க."

பெருமாள் அண்டாவிலிருந்து தலையை எடுத்தார். முகமெல்லாம் கரி.

"உங்கள ஒரு தடவ பாக்கணும்ங்கா."

"பாத்து?"

"பாக்கணும்ங்கா. அவ்வளவுதான் அத்தான் சொன்னா. பின்னால ஏறுங்க, அந்திக்கு முன்னால போயிரலாம்."

பெருமாள் கையைக் கழுவினார். கழுவின கையையே இன்னொருமுறை கழுவினார். "இரு மாப்ளே, அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்" என்றார்.

அம்மை தாழ்வாரத்தில் உட்கார்ந்து வேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். பெருமாள் எதிரே போய் நின்றார். நான் தேங்காய்க் கூடையோடு பின்னாலேயே போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை; காது சும்மா இருக்குமா?

"போகணுமாம்மா?" என்றார் பெருமாள்.

அம்மை நிமிர்ந்து பார்த்தாள்.

"போயி என்ன ஆகப் போவுது? பெத்த பிள்ளைக்கு அழாதவ எனக்கா அழப் போறா? அந்த இரும்புக் கையப் புடிக்கதுக்கா நான் போகணும்? நீங்க சொல்லுங்க. போன்னா போறேன். வேண்டாம்னா இருக்கேன்."

அம்மை உருவின வேப்பிலையை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"நாளைக்கு விடிஞ்சதும் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "பட்டமுத்தண்ணே, அந்தப் பெரிய இரும்புக் கரண்டியையும் மரத் துடுப்பையும் கழுவி முற்றத்துக் கல்லு மேல போடுங்க. ரெண்டையும் சேத்துப் போடுங்க. விடியுறவரைக்கும் சாரல்ல கெடக்கட்டும்."

உண்மையைச் சொல்கிறேன், எங்கள் எல்லாருக்கும் உள்ளுக்குள் ஒரே கிளுகிளுப்பு. அம்மை நாளைக்கு ஏதோ காட்டப் போகிறாள்! நான் கரண்டியையும் துடுப்பையும் சாமி காரியம் மாதிரி தேய்த்துக் கழுவி, கல்லின் மேல் வரிசையாக வைத்தேன். வருகிறவர் போகிறவரெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

மாடக்கண்ணுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அண்ணே, அத்தான் வாராரா இல்லையா?" என்று என்னைத்தான் கேட்டான்.

"அம்மா காலையில சொல்லுவாங்க. முதல் பஸ்ஸுக்கு அனுப்பி வைக்கோம்."

"காலையிலயா?"

"அம்மா காரணம் இல்லாம சொல்லமாட்டாங்க தம்பி."

அவன் கல்லின் மேல் கிடந்த கரண்டியைப் பார்த்தான். துடுப்பைப் பார்த்தான். என்னையும் அதே மாதிரிதான் பார்த்தான்.

"ஆறுன கஞ்சி பழங்கஞ்சிம்பாங்க அண்ணே. எங்க அக்காவுக்குக் காலையில எழுந்திரிக்கணும்னு விதி இருக்கான்னே தெரியல, நீங்க காலையிலங்கீங்க." அவ்வளவு சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். பின்சீட்டு காலியாக நனைந்துகொண்டே போனது.

சாயங்காலம் கடைசி பஸ் மடத்து வாசலில் நின்று ஹாரன் அடித்தது. பெருமாள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரைக்கும் போனார். கண்டக்டர் தெரிந்த பையன்.

"ஏறுதீங்களா அண்ணாச்சி? இதை விட்டா இனி காலையிலதான்."

பெருமாள் பஸ்ஸைப் பார்த்தார். திரும்பி அம்மையின் அறையைப் பார்த்தார். அங்கே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நீ போ தம்பி. அம்மா விடிஞ்சதும் சொல்லுதேன்னிருக்காங்க."

விடிந்தது. நாங்கள் எல்லாரும் சீக்கிரமே குளித்து, விபூதி பூசி, முற்றத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். கூத்துப் பார்க்கிற கூட்டம்தான், வேறென்ன சொல்ல.

அம்மை வந்தாள். கரண்டியையும் துடுப்பையும் முந்தியால் ஈரம் போகத் துடைத்து மறுபடியும் கல்லின் மேல் வைத்தாள்.

"ரெண்டையும் தொடுங்க அண்ணாச்சி."

பெருமாள் ஒரு கையில் கரண்டியையும் ஒரு கையில் துடுப்பையும் எடுத்தார்.

"எது குளுந்து கெடக்கு?"

"இதென்னம்மா கேள்வி? இரும்புதான். கையெல்லாம் வெறைக்கு. துடுப்பு பரவால்ல."

"ரெண்டும் எங்க கெடந்துச்சு?"

"இந்தக் கல்லு மேலதான்."

"ஒரே சாரலா, வேற வேற சாரலா?"

"ஒரே சாரல்தான்."

"பெறகு இரும்பு மட்டும் எப்பிடிக் கூடுதலாக் குளுந்துச்சு?"

பெருமாள் இரண்டையும் மாற்றிப் பிடித்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டுலயும் இருக்கது ஒரே குளிருதான்" என்றாள் அம்மை. "நீங்க தொட்டதும் இரும்பு உங்க கைச் சூட்டை வாங்கிக்கிடுது. வாங்கி, தொட்ட எடத்துல வச்சுக்கிடாம அந்தக் கடைசிவரைக்கும் உள்ள கொண்டு போவுது. உங்க கையிலருந்து போறது உங்க சூடு. நீங்க என்னடான்னா இரும்பு சில்லுனு இருக்குங்கீங்க."

"அப்ப மரம்?"

"மரம் லேசுல வாங்காது. உங்க சூடு உங்க கையிலேயே நிக்கும். அதனாலதான் இதமா இருக்கு."

எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் 'ஆகா' என்றார். பெருமாளுக்கு இன்னும் எட்டவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"துடுப்பை வச்சிருங்க. கரண்டிய மட்டும் ரெண்டு கையாலயும் பிடிங்க. விடாம பிடிங்க" என்றாள் அம்மை. சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள். அடுப்பைப் பற்றவைத்தாள். பூஜைக்குப் பூ எடுத்து வைத்தாள். யாரிடமோ எலுமிச்சம்பழம் வந்துவிட்டதா என்று கேட்டாள். பெருமாள் பிடித்தபடியே நின்றார். நன்றாக வெளிச்சமாகி, பறவைகள் கத்த ஆரம்பித்துவிட்டன.

அம்மை திரும்பி வந்தாள். "இப்ப?"

"குளிரு போயிட்டும்மா."

"எங்க போச்சு?"

"என் சூடு அதுக்குள்ள போயிட்டு."

"ஆறுமுகவடிவு கைய எவ்வளவு நேரம் பிடிச்சீங்க?"

கரண்டி பெருமாள் கையிலிருந்து நழுவிக் கல்லில் விழுந்தது. அந்தச் சத்தம் அடங்குமுன் அவர் வாசலைத் தாண்டிவிட்டார். செருப்பை எடுக்கவில்லை, துண்டை எடுக்கவில்லை. அறுபது தாண்டின மனுஷர் சேற்றில் ஓடி, முதல் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறினார்.

நாங்கள் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தோம். என்ன பாடம்! என்ன பாடம்! அந்தப் பெரியவர் அம்மை காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

அன்றைக்கு ஊற்றின கூழில் அடிப்பிடித்த வாடை முழுக்க ஏறியிருந்தது. ஜனம் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டுப் போனது.

பெருமாள் பதினாறு கழிந்துதான் திரும்பி வந்தார். மொட்டைத் தலை. மீசையும் இல்லை. ஆள் பாதியாகியிருந்தார். நாங்கள் வழி விட்டோம். அவர் தாழ்வாரத்தில் ஏறவில்லை. முற்றத்திலேயே, அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். அம்மை மேலே உட்கார்ந்திருந்தாள்.

"பஸ்ஸ விட்டு எறங்கி ஓடுனேம்மா" என்று ஆரம்பித்தார். அழுகையில்லை. குரல் வறண்டு கிடந்தது. "தெரு முக்கு திரும்புனா, பந்தலுக்குக் கம்பு எறக்குதாங்க."



"மாடக்கண்ணு என்னப் பாத்து, 'வாங்க, கண்ணு கெட்ட பெறகு சூரிய நமஸ்காரம் பண்ண வந்திருக்கீங்களா'ன்னான். சட்டையப் பிடிச்சு அடிச்சிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். அடிக்கல அவன்."

பக்கத்து வீட்டு செய்யதம்மாதான் கடைசிவரை வடிவுக்குக் கூட இருந்தவளாம். அவள் சொன்னதைப் பெருமாள் அப்படியே சொன்னார்.

"ராத்திரி பூரா வாசக்கதவ அடைக்க விடலியாம். சாரல் அடிக்குதுன்னு இவ அடைக்கப் போனா, 'இருக்கட்டும், அவரு வந்தா தட்டிக்கிட்டு நிக்கணும்'னாளாம். விடிஞ்சு பால்காரன் மணி அடிச்சுட்டுப் போயிருக்கான். 'வந்துட்டாரா'ன்னு கேட்டிருக்கா. அதோட சரி."

பெருமாள் கல்லைப் பார்த்தார்.

"அந்நேரம் நான் இங்கன நின்னு கரண்டியப் புடிச்சுக்கிட்டு இருந்தேம்மா."

எங்களில் யாரும் நிமிரவில்லை.

"செய்யதம்மாகிட்ட கேட்டேன். பிள்ளைக்கு ஏன் அவ அழவே இல்லன்னு கேட்டேன். 'நானும் அன்னைக்கே கேட்டேன் அண்ணாச்சி'ன்னா. கேட்டதுக்கு வடிவு சொல்லியிருக்கா, 'ரெண்டு பேரும் ஒண்ணா விழுந்து அழுதா உலை யாரு வைக்க? அவரு அழுது முடிக்கட்டும், பெறகு நான் அழுதுக்கிடுதேன்'னு."

 

"'பெறகு அழுதாளா?'ன்னு கேட்டேன். 'நீங்க எங்க அண்ணாச்சி அழுது முடிச்சீங்க'ன்னு என்னையே கேக்கா செய்யதம்மா."

எனக்கு அந்த அடிப்பிடித்த அண்டா ஞாபகம் வந்தது. அம்மைக்கும் வந்திருக்க வேண்டும். அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"அவ முறை வரவே இல்லம்மா. நான் வரவிடல. இங்க வந்து உக்காந்து ஊரெல்லாம் சொல்லி அழுதேன். அவ அங்க தனியாக் கெடந்து... அது என் பாவம். நான் சுமந்துக்கிடுதேன். அதுக்காக வரல. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கேக்கலாமா?"

"கேளுங்க அண்ணாச்சி."

"மாடக்கண்ணு மத்தியானமே வண்டியோட வந்து நின்னான். ஏறியிருந்தா அந்திக்கு வீட்டுல இருந்திருப்பேன். ராத்திரி பூரா அவ கையப் புடிச்சுக்கிட்டு இருந்திருக்கலாம். கரண்டி சொன்னதெல்லாம் உங்களுக்கு அன்னைக்கு மத்தியானமே தெரியும். கல்லு மேல போடச் சொல்லும்போதே தெரியும். தெரிஞ்சும் ஏம்மா விடியுறவரைக்கும் என்னைய உக்கார வச்சீங்க?"

'ஆகா' சொன்ன பெரியவர் எழுந்தார். "அப்பா, எல்லாத்துக்கும் ஒரு நேரங்காலம்னு இருக்கு. அம்மா செய்யுததுல..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அம்மை. அவள் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

தாழ்வாரத்தை விட்டு இறங்கி வந்தாள். பெருமாளுக்கு எதிரே, கல்லின் மேலேயே உட்கார்ந்தாள். வலது கையை நீட்டினாள்.

"பிடிங்க."

பெருமாள் தயங்கினார். பிறகு, பழகின கை, தானே போய்ப் பிடித்துக்கொண்டது.

சாரல் பெய்துகொண்டிருந்தது. அவர் மொட்டைத் தலையில் பொடிப்பொடியாக நீர் நின்றது. அவர் விடவில்லை. அவளும் இழுத்துக்கொள்ளவில்லை. முந்திக்குக் கையைக் கொண்டு போகவும் இல்லை.

"எப்பிடி இருக்கு அண்ணாச்சி?"

"எப்பவும் போலத்தாம்மா."

"எப்பவும் போலன்னா?"

"இதமா இருக்கு."

"அந்தத் துடுப்பு மாதிரி இன்னைக்கும் இதமாத்தான் இருக்கு, இல்லையா?" என்றாள் குழல்வாய்மொழி அம்மை. "உங்க சூடு ஒரு பொட்டு எனக்குள்ள வந்திருந்தா, அன்னைக்கு நான் கரண்டியத் தேடிக்கிட்டா இருந்திருப்பேன்? 'ஏறுங்கய்யா வண்டியில'ன்னு கத்தியிருக்க மாட்டேனா?"